பைலட்டம்மாவின் மூன்றாவது கடிகாரம்

ரேடியோவில் ஏழு மணிச் செய்திக்கு முன்னால் ஆறு தடவை ‘பீப்’ ஒலி வரும். அதற்குக் கொஞ்சம் முன்பே அண்ணி தன் கடிகாரத்தின் சாவிக் குமிழை வெளியே இழுத்து, நொடிமுள்ளைப் பன்னிரண்டில் நிறுத்தி வைத்திருப்பார். ஆறாவது ஒலி கேட்டதும் குமிழை உள்ளே அழுத்துவார். முள் கிளம்பும். அதன் பிறகுதான் டீ. பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட, “ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வை” என்றார்.

இப்படி முள்ளை நிறுத்தி வைப்பது, போரில் எல்லோரும் ஒரே நொடியில் கிளம்ப வேண்டும் என்று படைக் கடிகாரங்களில் வைத்த வசதியாம். எங்கள் வீட்டில் நேரத்துக்குக் கிளம்புவது அண்ணி மட்டும்தான். அண்ணனுக்கு எப்போதும் பத்து நிமிஷம் தாமதம்.

அண்ணிக்கு இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டும் வேலை. நாற்பது படி ஏணி ஏறி, கூரைக்கு அடியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, தகட்டுச் சுருள்களைத் தூக்கி லாரியில் இறக்குவார். கடிகாரத்தைச் சட்டைக் கைக்கு மேலேயே கட்டுவார். அந்தக் காலத்து விமானிகள் அப்படித்தான் தடிச் சட்டைக்கு மேல் கட்டினார்களாம். இருக்கிற உயரமும் கட்டுகிற விதமும் சேர்ந்து கிடங்கில் அவருக்குப் பைலட்டம்மா என்று பெயர்.

“பைலட்டம்மா, மேல மேகம் இருக்கா?” என்று கீழே இருந்து யாராவது கத்துவார்கள்.

“இருக்கு. ரெண்டு டன் மேகம், உன் தலைக்கு நேரா. தள்ளி நில்லு!”

அண்ணியிடம் இரண்டு பழைய படைக் கடிகாரங்கள் இருந்தன. இரண்டின் முதுகிலும் எண் உண்டு. அந்த எண்ணை எழுதி அனுப்பினால், பழைய படைப் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகத்தில் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தேடிச் சொல்வார்கள். ஒன்று தந்தி அனுப்பும் பிரிவில் இருந்தவருடையது. இன்னொன்று லாரி ஓட்டியவருடையது. யாருடையது என்று தெரியாமல் அண்ணி எதையும் கட்டமாட்டார்.

“கடிகாரம்தானே அண்ணி?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஒருத்தர் இதுல மணி பார்த்திருக்காரு. அவரு யாருன்னே தெரியாம நான் கட்டிக்கிட்டா, திருடிக் கட்டின மாதிரி இருக்கும்டி.”

ஆறு வருஷம் தேடி, போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பழைய சாமான் சந்தையில் நிஜமான விமானி கடிகாரம் ஒன்று அண்ணிக்குக் கிடைத்தது. கறுப்பு முகப்பு, பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணம், கையுறையோடு திருகுகிற அளவுக்குப் பெரிய குமிழ். முதுகில் குத்திய எண் முழுக்க அழுக்கு அடைத்திருந்தது. மறுநாள் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து நிதானமாகப் படிக்கலாம் என்று மேசை மேல் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

அண்ணன் கார்களுக்குப் பெயிண்ட் அடித்து மெருகு போடுகிறவர். மங்கலாக எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும். அண்ணி திரும்பி வந்தபோது கடிகாரம் புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது.

“எப்படி இருக்கு? பட்டறையில சக்கரத்துல கொடுத்து எடுத்தேன். முகம் தெரியுது பாரு!”

அண்ணி அதைத் திருப்பினார். முதுகில் அவர் முகம்தான் தெரிந்தது. எண் இல்லை.

கத்தியிருந்தால் தேவலை. அண்ணி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். மூன்று நாள் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் என்னிடம் வந்து, “உங்க அண்ணி சோத்தை வைக்கிறா, குரலை வைக்க மாட்டேங்கறா” என்றார்.

நாலாம் நாள் அண்ணனே அண்ணியிடம் வாயைத் திறந்தார். “ஏய், திருட்டுக் காருல சேஸிஸ் நம்பரை ராவி எடுத்திருப்பான். அதிகாரிங்க வந்து ஆசிட் வச்சுத் துடைப்பாங்க. திரும்பத் தெரியும். குத்தின இடத்துல அடியிலயும் இரும்பு நசுங்கியிருக்கும்ல? நான் கண்ணால பார்த்திருக்கேன்.”

“இதுல வருமா?” அண்ணி கேட்ட முதல் கேள்வி அது.

“தெரியாது.”

“சரி, செய்யுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்.”

கடிகார ரிப்பேர்காரர் முதுகு மூடியை மட்டும் கழற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை ஜன்னலோரம் மூடியை வைத்து, குச்சியில் பஞ்சு சுற்றி, அண்ணன் ஆசிட்டை ஒற்றினார். வீட்டிலிருந்து சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கிறவள் நான். கண் கூர்மை என்று என்னைக் காகிதம், பென்சிலோடு நிறுத்தியிருந்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. அண்ணி மூடியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். மூச்சுப்பட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக ஒரு 4 எழுந்தது. அடுத்து 1. அப்புறம் 7, 0, 2. கடைசி இலக்கம் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

“மூணு” என்றார் அண்ணன்.

“எட்டு மாதிரி இருக்கு” என்றேன் மெதுவாக.

“இன்னொரு தடவை ஒற்றட்டுமா?”

அண்ணி அவர் கையைப் பிடித்துவிட்டார். “வேணாம், மிச்சமும் போயிடும். ரெண்டுக்கும் எழுதுவோம்.”

“தப்பா இருந்தா?”

“ஒண்ணு தப்புன்னா இன்னொண்ணு சரி. இதைக் கண்டுபிடிக்க இன்னும் ஆசிட் வேணுமா?” என்று சிரித்தார். அண்ணன் ஒரு வாரமாக விடாத மூச்சை அப்போதுதான் விட்டார்.

அந்த அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்கு ஒரு எண்தான் தேடுவார்கள். பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பலாம். முதல் கடிதத்தை மூன்றுக்கு எழுதினோம். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த எண் தரைப்படைக்குக் கொடுத்த ஒரு திசைகாட்டியுடையதாம். அண்ணி வருத்தப்படவில்லை. “அப்போ எட்டுதான்” என்று சொல்லி, அன்றைக்கே என்னை உட்கார வைத்து இரண்டாவது கடிதத்தை எழுத வைத்தார்.

அது போய் ஏழு வாரம் ஆகிறது. அண்ணி தந்திக்காரர் கடிகாரத்தையும் லாரிக்காரர் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு ஏணி ஏறுகிறார். விமானியின் கடிகாரம் ரேடியோ பக்கத்தில் இருக்கிறது. காலையில் சாவி கொடுத்து, ஏழு மணிக்கு அதையும் சரிசெய்கிறார். இன்னும் கட்டவில்லை.