மரக்காணம் உப்பளத்தில் நான் வாயைத் திறந்தது

என் பெரிய பேரன் பேங்க் பரீட்சையில் தேறி விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அடுத்தவன் டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு. கடைசிப் பேத்தி பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தாள். இதெல்லாம் நம் மாதர் சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். மகள் வயிற்றுப் பேத்தி கல்யாணியைப் பற்றித்தான் சரியாகச் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. முடித்து மெட்ராஸில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறாள், வயது இருபத்து நாலு. கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டுப் பார்ப்பாள். புண் வருவதற்கு முன்பே கெடுதல் தெரிந்துவிடுமாம். புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்களோ அங்கேதான் முதலில் வெள்ளைத் திட்டு விழுகிறது என்று அவள் எழுதியது இங்கிலீஷ் பத்திரிகையில் வந்தது. பம்பாயில் டாக்டர்கள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தப் பேச்சுக்கு இன்னும் சில பேர் வாயைப் பார்க்க வேண்டும் என்றுதான் போன வருஷம் பங்குனியில் மரக்காணம் போனாள். உப்பளத்துக்காரர்கள் பொழுதுக்கும் புகையிலை அடக்குகிறவர்கள். நம் சங்கமும் அங்கே போவதாகப் பேச்சிருப்பதால், போய்வந்த என்னை நம் இதழில் எழுதச் சொன்னார்கள்.

அவள் என்னை ஏன் கூப்பிட்டாள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பொங்கலுக்கு வந்ததிலிருந்து, சாப்பிடும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குழம்பு எரியுதா ஆயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "எரியாம இனிக்குமா?" என்றேன். வாயைக் காட்டச் சொன்னாள். காட்டவில்லை. நானும் கல்யாணமானதிலிருந்து இடது கன்னத்தில் அடக்குகிறவள். அப்படியிருக்க, "நீயும் வா ஆயா, கடல் பாக்கலாம்" என்றால் கடலுக்காக மட்டும் இருக்குமா?

திண்டிவனத்திலிருந்து காலை ஆறு மணிக்கு ஜீப்பில் கிளம்பினோம். மரக்காணம் இருபது மைலுக்கு மேல். பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் அவளுடைய கண்ணாடித் தகட்டுப் பெட்டி பஸ்ஸில் உடைந்துவிடும். டிரைவர் காதர் பாய். ஜீப் கதவில் வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் ஏதோ சிவப்பாய்த் தெரிந்தது.

"இது யாரு வண்டி பாய்?"

"நம்ப வண்டிதான் ஆயா. ஏலத்துல எடுத்தது."

"அதுக்கு முன்னாடி?"

"அத கேக்காதீங்க. ரெண்டு தபா பெயிண்ட் அடிச்சிட்டேன், நிக்க மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன். முக்கோணம். குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப். ஆண்பிள்ளைகளை இந்த மாதிரி வண்டியில்தான் ஆபரேஷனுக்கு ஏற்றிப் போகிறார்கள் என்று ஊர் ஊராய்ப் பயந்துகொண்டிருந்த வருஷம் அது. கல்யாணியிடம் சொன்னேன். "யாரு ஆயா அதப் போய் பாக்கப் போறாங்க?" என்றாள். பிரம்மதேசத்தில் டீ குடித்தோம், இருபது பைசா. பாலில் தண்ணீரா, தண்ணீரில் பாலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழரை மணிக்கே உப்பளத்தில் கண் கூசியது. பாத்தி பாத்தியாய் வெள்ளை. வரப்பில் நின்று நீளக் கம்பில் கட்டிய பலகையால் உப்பை வாருகிறார்கள். ஜீப்பைக் கண்டதும் வாருகிற சத்தம் குறைந்தது. கல்யாணி இறங்கி, நல்ல விதமாய்த்தான் சொன்னாள்: "பயப்படாதீங்க. இன்னிக்கு இங்க ஒரு சின்ன கேம்ப்."

அந்த ஒரு சொல் போதும். பலகைகள் பாத்தியில் விழுந்தன. இளவட்டம், கிழவன் என்று பாக்கியில்லாமல் ஆண்கள் அத்தனை பேரும் வரப்பு வரப்பாய்த் தாவிச் சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டார்கள். கேம்ப் என்றால் அவர்களுக்கு ஒரே கேம்ப்தான். நின்றது பெண்கள் மட்டும்.

அவர்களில் அஞ்சலை என்பவள் முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். "இன்னாம்மா வோணும்?"

"புகையில போடறவங்க வாய மட்டும் பாக்கணும்."

"வாயில ஆரம்பிப்பீங்க. எங்க வந்து முடிப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "ட்ரான்சிஸ்டர் கொண்டாந்திருக்கீங்களா? அதுகூட இல்லாமயா வந்தீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆபரேஷன் பண்ணிக்கொண்டால் ட்ரான்சிஸ்டர் ரேடியோ இனாம் என்று அப்போது பேச்சு. கல்யாணி டார்ச்சைக் காட்டினாள், குச்சியைக் காட்டினாள். குச்சியைப் பார்த்ததும் இன்னும் இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது யாரு?"

"எங்க ஆயா."

"கன்னம் உப்பிக்கினு இருக்குதே. இதும் அடக்கிக்கினுதானே நிக்குது. இது வாயப் பாத்தியா நீ?"

கல்யாணி என்னைப் பார்த்தாள். "காட்ட மாட்டேங்குறாங்க."

"பாத்தியாடி, சொந்த ஆயாவே நம்பல. நாம நம்பணுமாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஊர் முழுக்கப் பேரன் பேத்திகள் பெருமையைச் சொல்லித் திரிகிறவள் நான். புகையிலையைத் துப்பிவிட்டு, பாய் கொடுத்த தண்ணீரில் கொப்பளித்து, அங்கே கவிழ்த்துக் கிடந்த கூடை மேல் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

வலது கன்னத்தைச் சட்டென்று பார்த்து முடித்தாள். இடது கன்னத்தில் டார்ச் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அஞ்சலையும் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சுண்ணாம்பு அப்பின மாரி இருக்குதே," என்றாள். அப்புறம் மெதுவாக, "எனக்கும் இந்த மாரி ஒண்ணு இருக்குது."

நான் எழுந்தேன். அவள் அந்தக் கூடையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாய் வந்தார்கள். மத்தியானம் கஞ்சி வேளைக்கு ஆண்கள் தோப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "வாங்கய்யா, வாய்க்குத்தான்," என்று அஞ்சலை கூப்பிட்டும் பாதிப் பேர் வரவில்லை.

கல்யாணி கேமராவில் என் கன்னத்தைப் படம் பிடித்துக்கொண்டாள். கடலைப் பார்க்கவே இல்லை. திரும்பும்போது கேட்டேன்: "இதுக்குத்தானே என்ன இட்டுக்கினு வந்தே?"

"கடல் பாக்கத்தான் ஆயா," என்றாள், முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு. அஞ்சலையிடம் 'காட்ட மாட்டேங்குறாங்க' என்று சொன்னது கூட வேண்டுமென்றேதானோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

தகட்டில் பார்த்ததில் எனக்கும் அஞ்சலைக்கும் ஆரம்பம்தான் என்று தெரிந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சின்னதாய் வெட்டி எடுத்தார்கள். இப்போது குழம்பு எரியவில்லை. புகையிலைப் பெட்டியில் ஊசி நூல் வைத்திருக்கிறேன்.

மரக்காணம் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் உப்பளத்தைப் பார்த்துவிடுங்கள். குடிதண்ணீர் கையோடு வேண்டும். வண்டிக் கதவைப் பார்த்து ஏறுங்கள். கேம்ப் என்ற சொல்லை மறந்தும் சொல்லாதீர்கள். நம் சங்கத்தில் யார் யார் அடக்குகிறவர்கள் என்று எனக்குத் தெரியும், பேர் எழுதவில்லை. கிளம்புமுன் ஜன்னலோரம் கண்ணாடி வைத்துக் கன்னத்தைப் பாருங்கள். எதுவாவது வெள்ளையாய் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கல்யாணிக்குக் கடுதாசி போடுகிறேன்.

கல்யாணி, இந்த இதழ் உனக்கும் தபாலில் வரும். பம்பாயில் என் கன்னத்தைச் சுவர் அகலத்துக்குக் காட்டினாயாம், யாருடையது என்று சொல்லவில்லையாம். சொல்லியிருக்கலாம். இங்கே கூடத்தில் மாட்டியிருக்கும் உன் படம் எஸ்.எஸ்.எல்.ஸி. படிக்கும்போது எடுத்தது. ரெட்டைப் பின்னலோடு நிற்கிறாய். இந்தச் சின்னப் பெண்ணா புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறது என்று வருகிறவர்கள் சந்தேகமாய்ப் பார்க்கிறார்கள். என் வாய்ப் படம் உன்னிடம் இருக்கிறது. உன் முகப் படம் புதிதாய் ஒன்று எடுத்து அனுப்பு. அதில் உம்மென்று நிற்காதே. நான் திறந்தேனே, நீயும் வாயைத் திறந்து சிரி.