வெண்டெல் துடைத்த அம்பு

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் நீச்சல்குளம் கட்டிக் கொடுக்கிற வெண்டெல் ஹாக்ஸ்பி ஐந்து வருடம் தொடர்ந்து எங்கள் வேட்டை முகாமுக்கு வந்தான். வடக்கு மானிடோபாவில் இருபது வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். கோழைகளைப் பார்த்திருக்கிறேன், புளுகர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளாக, மேலே சென்ட் வேறு அடித்துக்கொண்டு கரடி வேட்டைக்கு வந்தவன் இவன் ஒருவன்தான்.

அவன் வீரத்தைக் கேளுங்கள். காட்டுக்குள் பீப்பாய் வைத்து, பழைய டோனட் போட்டு, பொரித்த எண்ணெய் ஊற்றி, பதினைந்து நாள் கரடிகளைப் பழக்கி வைப்பவன் நான். இருபது அடி தள்ளி மரத்தில் பரண் கட்டுபவனும் நான். அவன் அசையாமல் உட்கார்ந்து ஒரு அம்பு விட வேண்டும், அவ்வளவுதான். நான்கு வருடம் அதுவும் ஆகவில்லை. தப்பு வில்லுடையது என்பான். அடுத்த வருடம் புது வில்லோடு வருவான்.

கூடவே வருபவன் மெர்வின், பள்ளிக்கூடத் தோழன், பஸ் ஓட்டுகிறவன்.

ஐந்தாம் வருடம் ஜூனில், ஒரு சாயங்காலம், வெண்டெல் எய்துவிட்டான். நானும் மெர்வினும் போனபோது பரணிலிருந்து இறங்கிக் குந்தியிருந்தான். கையில் கொத்துப் பாசி. அம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"படலப்பா. மயிரிழையில தப்பிச்சிருச்சு."

ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் எய்தவனுடைய வேட்டை அதோடு முடிந்தது என்பது எங்கள் முகாம் விதி. மறுநாள் வேறு கரடி வேண்டும் என்று துடைத்திருக்கிறான்.

மெர்வின் கை நீட்டினான். "அம்பக் குடுடா."

"எதுக்குடா?"

"குடுன்னா குடு."

மோந்து பார்த்து என்னிடம் தந்தான். குடல் நாற்றம்.

"வயித்துல பட்டிருக்கு," என்றேன். "இப்ப துரத்தினா நிக்காம ஓடும். காலைல போய்த் தேடணும்."

காலையில் வெண்டெலுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. ஆறு அப்பத்தைச் சர்க்கரைப்பாகில் தோய்த்துத் தின்ன மட்டும் வலி தடையாக இல்லை. நானும் மெர்வினும் சதுப்பில் மூன்று மணி நேரம் தவழ்ந்தோம். கரடி உயிரோடு கிடந்தது. தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. துப்பாக்கியால் நெஞ்சில் சுட்டு முடித்தேன். மெர்வின் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

இழுத்து வந்ததும் வெண்டெலின் முழங்கால் குணமாகிவிட்டது. தலை வாரி, கரடிக்குப் பின்னால் மண்டியிட்டு, தன் போனை மெர்வினிடம் நீட்டினான்.

"பெருசா தெரியிற மாதிரி எடுடா. நெஞ்சுல எப்பிடி எறக்கியிருக்கேன் பாத்தியா?"

"அந்த ஓட்டை இவரு சுட்டது."

"ஊருக்கு அது தெரியவா போவுது?"

மெர்வின் போனைக் கரடியின் வயிற்றின்மேல் வைத்துவிட்டு நடந்தான். வெண்டெலின் வண்டியிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு, தன்னை பஸ் நிறுத்தத்தில் விடும்படி என்னிடம் சொன்னான். போகிற வழியில் சொன்னான்:

"முப்பத்தோரு வருஷம்ங்க. இவன் விட்ட கதைக்கெல்லாம் ஆமா போட்டுட்டு இருந்திருக்கேன். வெக்கமா இருக்கு."

அடுத்த வருட வேட்டைக்கு முகாமில் இடம் கேட்டு வெண்டெல் எழுதினான். நான்கு இடம் காலியாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று பதில் போட்டேன்.