தேர் தாண்டும் வரை

சுக்கும் மிளகும் தூக்கலாகப் போட்ட கோவில் இட்லி வாசனை வந்தால் உங்களுக்குப் பெருமாள் ஞாபகம் வரும். எனக்கு பிராக்ஸி ஞாபகம் வருகிறது. என்ன செய்வது, என் புத்தி அப்படி. இன்று காலை காந்தி ரோட்டில் தேர் பார்க்க நின்றபோது பக்கத்தில் யாரோ பொட்டலம் பிரித்தார்கள், அவ்வளவுதான்.

இதே ரோட்டில் ஒரு மாடியில்தான் என் முதல் வேலை. டேட்டா என்ட்ரி. மத்தியானம் எங்களுக்கு இந்த இட்லிப் பொட்டலம்தான். மெயில், சாட் எல்லாவற்றையும் மேனேஜர் அடைத்து வைத்திருந்தார். கைபேசி வாங்க வக்கில்லாத எங்களுக்கோ கல்லூரி நண்பர்கள் கூடும் சாட் குரூப்தான் உலகம். பிராக்ஸி என்று சில தளங்கள் உண்டு. அவற்றின் வழியாகப் போனால் அடைத்த பக்கமும் திறக்கும். அவர் ஒன்றை அடைப்பார், நாங்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்துக் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வோம். பக்கத்து நாற்காலி மல்லிகா அதில் கெட்டிக்காரி. மேனேஜர் வந்தால் இருமுவது என் உத்தியோகம்.

எங்களோடு கூடப் படித்த முரளி அந்த வருஷம் துபாய்க்குக் கிளம்பினான். “வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போகல. உங்க வூட்ல வந்து பேசறேன்” என்று மல்லிகாவிடம் சொல்லியிருந்தான். அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும் நாள் காலை, ஏர்போர்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து குரூப்புக்கு வருவதாகப் பேச்சு. அன்றைக்குத் தேர். மேனேஜர் வடம் பிடிக்கப் போய்விடுவார், நிம்மதியாகப் பேசலாம் என்று நாங்கள்தான் நேரம் குறித்துக் கொடுத்தோம்.

வந்தான். மல்லிகா ‘போகாதே’ என்று அடித்தாள். எண்டர் தட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. தேர் வரும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பியை அவிழ்ப்பார்கள் என்பது இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அடைத்ததையெல்லாம் திறந்த மகா மூளைகளுக்கு அது மறந்தே போனது! யு.பி.எஸ். புண்ணியத்தில் திரை மட்டும் எரிந்தது. மோடம் செத்துக் கிடந்தது.

“எப்பபா வரும் கரண்ட்டு?” என்றாள் மல்லிகா.

“தேர் தாண்டணும்மா.”

ஜன்னலுக்கு வெளியே தேரின் உச்சி, தூக்கத்தில் நடப்பதுபோல் மெல்ல மெல்ல நகர்ந்தது. கோவிந்தா சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. மல்லிகா அந்தப் பக்கம் திரும்பவில்லை. விரலை எண்டரிலேயே வைத்திருந்தாள்.

மதியம் நெட் வந்தபோது முரளியின் வரிகள் காத்திருந்தன. ‘இருக்கியா?’ கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், ‘இருக்கியா மல்லி?’ கடைசியாக, ‘சரி, புரியுது.’ அவள் அப்போதும் எண்டர் தட்டினாள். பார்க்க ஆளில்லை. அப்புறம் அவன் அந்த குரூப்புக்கு வரவே இல்லை.

அந்த மாடியில் இப்போது பட்டுப்புடவைக் கடை. அந்த சாட் தளத்தையே மூடிப் பல வருஷமாகிறது. இன்றும் தேருக்குக் கரண்டை நிறுத்தினார்கள். ஆனால் எல்லார் கையிலும் நெட் இருந்தது. பெங்களூரில் குடும்பம் நடத்தும் மல்லிகாவுக்குத் தேரைப் படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

“கரண்ட்டு இருக்குதாபா?”