பலா மரத்தடியில் ஒருத்தி

நான் திருச்சிக்காரி. சில வருடங்களுக்கு முன், ரப்பர் மரங்களுக்கு வரும் இலை நோயைப் பற்றி முதுகலைப் படிப்புக்காக இலங்கைக்குப் போயிருந்தபோது நடந்தது இது. இடம், கேகாலை மாவட்டத்தில் கரவனெல்லைக்கு மேலே ஏறிப் போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டம். மழைக்காலம்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் எல்லோரும் விமான நிலையம் வரைக்கும் வந்து அழுதார்கள். விமானம் மேலே ஏறி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது. இதற்கா இத்தனை அழுகை என்று சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். அந்தச் சிரிப்பெல்லாம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றே அடங்கிவிட்டது. ஆய்வு முடியும்வரை தங்குவதற்கு எனக்குக் கொடுத்த வீடு, முன்பு தோட்டத்து மருந்துக்காரர் குடியிருந்ததாம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை விட்டு விலகி மேட்டின் மேல் தனியாக நின்றது. சுற்றிலும் ரப்பர் மரங்கள். பகல் மூன்று மணிக்கே வீட்டுக்குள் இருட்டு புகுந்துவிடும். வெயில் அடித்தாலோ ரப்பர் காய்கள் வெடித்துத் தகரக் கூரையில் விழும். யாரோ கல்லெறிகிறார்கள் என்று முதல் வாரம் முழுக்க வெளியே ஓடி ஓடிப் பார்த்தேன்.

என்னைத் தேடி வந்த முதல் ஆள் ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்த ஓர் அண்ணன். அந்தத் தோட்டத்தில் எந்தச் சங்கம் என்றாலும் செயலாளர் அவர்தான். வந்த வேகத்தில் ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"மிஸ், நீங்க தனியா இருக்கீங்க. மூணு எடத்துல பேரு குடுத்துட்டீங்கன்னா தோட்டத்து ஆளாயிருவீங்க. வாசிகசாலை ஒண்ணு, பாட்டுக் குழு ஒண்ணு, மரணாதார சமிதி ஒண்ணு."

முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவது, யாராவது இறந்தால் அடக்கம் வரைக்கும் கூட நிற்கிற உதவிச் சங்கம் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவதற்கா அண்ணா இவ்வளவு தூரம் வந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க மிஸ். சொந்தபந்தம் இல்லாத ஆளு. நாளைக்கி ஒண்ணுன்னா யாரு முன்ன நிக்கிறது? வீட்டு ஆளுன்னு ஒருத்தரு பேரு சொல்லணும். ஒங்களுக்கு இங்க யாரு இருக்கா?"

யாருமில்லை என்றேன். "சரி, அத நாங்க பாத்துக்கிறோம்" என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்கே தோழிக்குப் போன் போட்டு இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆனால் அந்தச் சங்கங்கள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. வாசிகசாலை என்பது கோயிலடியில் ஓர் அறை, ஓர் அலமாரி. அதிலிருந்த துப்பறியும் நாவல்களில் கடைசிப் பக்கங்களை மட்டும் கறையான் தின்றிருந்தது. கொலைகாரன் யாரென்று செயலாளர் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். ஒரே நாவலுக்கு அவர் திங்கட்கிழமை ஒருவரைச் சொல்வார், வியாழக்கிழமை வேறொருவரைச் சொல்வார். அறையின் மூலையில் வெள்ளைத் துணி போர்த்திய மடக்குக் கட்டில் ஒன்று இருந்தது. அதன் மேல் உட்கார்ந்து சுகமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அண்ணன் பதறிப்போய், "அதுல ஒக்காராதீங்க மிஸ், அது சமிதிக் கட்டிலு. பொணத்தப் படுக்க வைக்கிறது" என்றார். அதன் பிறகு நின்றுகொண்டே வாசித்தேன்.

சனிக்கிழமை மாலைகளில் பாட்டுக் குழு. வேதக்காரர்கள், சைவக்காரர்கள் எல்லோரும் கலந்துதான் இருப்பார்கள். ஒரே தப்பு மேளத்தில் கிறிஸ்மஸ் பாட்டும் மாரியம்மன் தாலாட்டும் வரும். என் ஊரில் கேட்ட அதே மெட்டுகள், நடுநடுவே சிங்களச் சொற்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு நானும் ஒரு கும்மி சொல்லிக் கொடுத்தேன். சுண்டைக்காய் சந்தைக்குப் போய்ப் பூசணிக்காயிடம் வம்பு வளர்க்கிற பள்ளிக்கூடத்துப் பாட்டு. அடிக்கு அடி ஒரு காய் சேர்ந்துகொண்டே போகும், முடிவே கிடையாது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதிலுக்கு ஓர் ஒப்பாரி சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அத சும்மா படிக்க மாட்டோம் மிஸ்" என்றார் அண்ணன். "படிச்சா சாவுக்கு ஆளு கேக்கும்."

அந்த வாரம்தான் அவளை முதலில் கவனித்தேன்.

என் வீட்டுக்குக் கீழே பாதை திரும்புகிற இடத்தில் ஒரு பலா மரம் உண்டு. பொழுது சாயும் நேரம். மரத்தடியில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பேய்க்கதைக்குத் தோதான வெள்ளைச் சேலையெல்லாம் இல்லை. மழைக்குத் தலையோடு சேர்த்துப் போர்த்திய முரட்டுப் படங்குச் சீலை, கையில் ரப்பர் பால் வாளி. முகம் என் வீட்டைப் பார்த்து இருந்தது. பால் வெட்டுகிறவர்களின் வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், இந்நேரத்தில் இவளுக்கு இங்கே என்ன வேலை என்று யோசித்தபடி விளக்கைப் போட்டேன். அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும். கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. நான் விளக்கைப் போட்டதும் போய்விடுவாள். ஒருநாள் வேண்டுமென்றே விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் ஒளிந்து பார்த்தேன். மழை அடித்து ஊற்றுகிறது, அவள் அசையவில்லை. கடைசியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை, சுவிட்சைத் தட்டினேன். உடனே நகர்ந்துவிட்டாள். வெளிச்சம் வந்தால் விலகிப் போவது எதுவென்று நான் வாசித்த நாவல்கள் எல்லாம் சொல்லியிருந்தன. அன்றிலிருந்து கதவுக்குக் கொக்கி மாட்டியது போதாமல் ஒரு நாற்காலியையும் முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

பாட்டுக் குழுவில் கேட்டேன். தப்பு நின்றது. ஓர் அக்கா திடீரென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "அவங்க பாட்டுக்கு நிப்பாங்க மிஸ், நீங்க கண்டுக்காதீங்க" என்றார் அண்ணன். அவர் ஒருத்தியை மதித்து 'அவங்க' என்று சொன்னதில், ஆள் நிஜம் என்ற அளவுக்காவது தெம்பு வந்தது.

அந்தத் தெம்பில் ஒரு மாலை தேநீரை எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்கு இறங்கினேன். கிட்டப் போகப் போக அவள் பின்னால் நகர்ந்தாள். நாற்பதைத் தாண்டிய முகம், சிரிப்பே இல்லாத முகம்.

"வேணாங்க. ஒங்க வீட்டுத் தண்ணி நான் குடிக்கக் கூடாது."

ஏன் அக்கா என்றேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை அளவெடுக்கிற மாதிரி பார்த்தாள். "மெலிஞ்சிட்டீங்களே. நல்லாச் சாப்புடுறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். தேநீர் கையிலேயே ஆறிப்போனது. இந்த வீடு வேண்டாம், மாதம் முடிந்ததும் டவுனுக்கே போய்விடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று பெனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிப் பிழிகிற வலி, கண்ணெல்லாம் சிவப்பு. வெளியே விடாத மழை. கரண்ட் போய், போனும் உயிரை விட்டிருந்தது. எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் முடியவில்லை. மெழுகுவர்த்தி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, கைதான் போகவில்லை. கீழே லயத்துக் காம்பரா அறைகளில் குப்பி லாம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என் வீடு மட்டும் இருண்டு கிடந்தது.

அப்போதுதான் வாசலில் என் பெயர் கேட்டது.

இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சிரிக்காதீர்கள், அந்தக் காய்ச்சலில் எனக்கு ஞாபகம் வந்தது அது ஒன்றுதான். முதல் தடவை வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டாவது தடவையும். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, பேயோ பிசாசோ யாராக இருந்தாலும் சரி, உள்ளே வரட்டும் என்று பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது.

பிறகு கதவிடுக்கில் ஒரு கத்தி நுழைந்தது. வளைந்த முனையுள்ள சின்னக் கத்தி. அது மெல்ல மேலே ஏறிக் கொக்கியைத் தேடியது. கொக்கி கழன்று விழுந்தது. நான் முட்டுக் கொடுத்திருந்த நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. படங்குச் சீலை போர்த்திய உருவம் உள்ளே வந்து, ஈரக் கையை என் மூக்கருகே வைத்து மூச்சு பார்த்தது. முடிந்தது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்து நினைவிருப்பது வெள்ளைத் துணி. மடக்குக் கட்டில். அதன் சட்டத்தை என் விரல்கள் தடவியதும் எந்தக் கட்டில் என்று புரிந்துவிட்டது. மேலே ரப்பர் மரங்களின் உச்சி நகர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பல பேர் நடக்கிற சத்தம். தலைமாட்டில் ஒரு லாம்பு வெளிச்சம் கூடவே வந்தது. அப்புறம் பாட்டு ஆரம்பித்தது. ஆள் கேட்கும் பாட்டு. ஐயோ, நான் இன்னும் சாகவில்லை என்று கத்தப் பார்த்தேன். அம்மாவை நினைத்து அழுகை வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வார்த்தைகள் காதில் ஏறின. சுண்டைக்காய் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நோயாளியைத் தூங்க விடாதே என்று யாரோ சொன்னார்களாம். மழையில் மரம் விழுந்து பாதை அடைபட்டதால் ஆட்டோ மேலே வர முடியவில்லை. பெரிய ரோடு வரைக்கும் அந்தக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு, பாட்டுக் குழுவே ஒரு காய் மிச்சமில்லாமல் பாடிக்கொண்டு இறங்கியிருக்கிறது.

கரவனெல்லை ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் வரைக்கும் போயிருந்ததாம். ஒருநாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னதை, அண்ணன் தமிழில் சொன்னார். கூடவே, "அந்தக் கட்டில்ல படுத்து எந்திரிச்ச ஒரே ஆளு நீங்கதான் மிஸ்" என்றார்.

அவருக்குப் பின்னால், வார்டு வாசலில், அவள் நின்றுகொண்டிருந்தாள். இல்லை, இனிமேல் 'அவர்' என்றுதான் எனக்கு எழுத வரும். அந்த அக்கா.

அண்ணன்தான் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டு ஆளாக நிற்கிறவர்தான் இறந்தவருக்கு முதல் பிடி மண் போட வேண்டும். அந்த ஆள் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது, அங்கே தண்ணீர் குடிக்கக் கூடாது, சம்பந்தப்பட்டவரிடம் சொல்லவும் கூடாது. "எப்ப சாவும்னு காத்துக்கிட்டிருக்க மாதிரி ஆயிரும்ல, அதான்." எனக்கு வீட்டு ஆள் யார் என்று சமிதியில் கேட்டபோது, முதலில் எழுந்தது அந்த அக்காவாம்.

அப்படியானால் அன்றைக்கு மட்டும் எப்படி உள்ளே வந்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"மண்ணு போடவா ஏறுனேன்? தூக்கத்தானேங்க ஏறுனேன்."

பிறகு, கேட்காமலே சொன்னார். "எம் மக வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கிப் போனவ. ரூமுக்குள்ளயே சொகமில்லாம கெடந்திருக்கா. நாலஞ்சு நாளா லைட்டு எரியலையேன்னு ஒருத்தரும் பாக்கல. பெட்டியாத்தான் வந்தா." அழவில்லை. என் போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டார். நான்தான் அழுதேன்.

படி ஏறிவிட்டதால் அவரால் இனி எனக்கு வீட்டு ஆளாக நிற்க முடியாது என்று சமிதி கூடி முடிவெடுத்தது. அதனால் ஒரு நன்மை, நான் ஊர் திரும்பும்வரை தினமும் மாலையில் உள்ளே வந்து என்னோடு தேநீர் குடித்தார். டவுனுக்குப் போகிற யோசனையை நான் மறந்தே போனேன். வேடிக்கை என்னவென்றால், அதே நாளிலிருந்து செயலாளர் அண்ணன் என் வீட்டில் தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், சமிதியிலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். எங்கே இருந்தாலும் இருட்டுவதற்குள் விளக்கைப் போட்டுவிடுகிறேன். எதிர் பிளாக்கில் வேறு மாநிலத்திலிருந்து படிக்க வந்த ஒரு பெண் தனியாக இருக்கிறாள். அவள் ஜன்னலில் வெளிச்சம் வரும்வரை பால்கனியில் நிற்பேன். அவளுக்கு நான் யாரென்று தெரியாது. போன வாரம் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரைச்சீலையை இழுத்து மூடினாள். பயந்திருப்பாள், பாவம். பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறேன், எனக்காகவும் ஒருவர் மழையில் அப்படித்தானே நின்றார்.