சகலைக்குக் குத்த முடியாத முத்திரை

அந்த நோட்டரியைத் தெருவில் பெண்டுலம் என்றுதான் சொல்வார்கள். ஓரிடத்தில் உட்கார மாட்டார். வந்தவர் கையெழுத்துப் போடும்போது மட்டும் மேஜையோரம் நிற்பார். அப்போது கண் பேனா முனையை விட்டு நகராது. முத்திரையைக் குத்தியதும் மறுபடி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடை.

அன்றைக்கு நடையில் வேகம் கூடுதல். காரணம் மச்சினி, பெண்டாட்டியோடு பிறந்த நாலு பேரில் கடைக்குட்டி. வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மகளையும் கூட்டிப்போகப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் புருஷனின் சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையோடு. நாலு மணிக்குள் ஆபீஸில் கொடுக்காவிட்டால் அடுத்த தேதிக்கு ஒரு மாதம். வேலை அதுவரை காத்திருக்காது.

"குத்த ஒரு நிமிஷம் ஆகுமா அத்தான்?"

"சொந்தக்காரங்களுக்கு நான் குத்தக் கூடாதும்மா. குத்தினா கடிதமும் செல்லாது, என் முத்திரையும் போயிடும்."

"எங்கக்காவைக் கட்டிக் குடுத்ததுக்கு நல்ல லாபம்."

பக்கத்தில் இருந்த இன்னொரு நோட்டரி பின்தெருக்காரர் ஒருவர்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் தன் தம்பிக்கே முத்திரை குத்த, மேலிடத்துக்குப் புகார் எழுதிப்போட்டவர் பெண்டுலம். ஆறு மாசம் அந்த மனுஷனின் முத்திரை பூட்டிக் கிடந்தது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் பெண்டுலம் போய் அவர் வாசலில் நின்றார்.

"சகலைக்கு ஒரு கடிதம். காலில் கட்டு, மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. நீங்க வீட்டுக்கு வரணும்."

"சகலைதானே, நீங்களே குத்திக்கலாமே," என்றார் பின்தெருக்காரர், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

"கூடாது."

"ஆமா, கூடாதுதான்." பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

படியில் பின்தெருக்காரர் மாடிக்கு மாடி மூச்சு வாங்க நின்றார். பெண்டுலம் நாலு படி ஏறுவதும் இரண்டு படி இறங்குவதுமாக இருந்தார். மேலே மச்சினி கதவைத் திறந்தபோது மணி மூன்று. கட்டிலில் சகலை கடிதத்தை ஆட்டிக் காட்டினார்.

"கையெழுத்து ரெடி."

பின்தெருக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எப்போ போட்டது?"

"காலையில. நேரம் மிச்சமாகும், போட்டு வைன்னு இதோ இந்தச் சகலைதான் போன்ல சொன்னார்."

பெண்டுலம் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டார்.

"என் கண்ணு முன்னால போடாததுக்கு நான் என்னன்னு எழுதறது? வேற தாள் எடுங்க."

பெண்டுலம் பேனாவை எடுத்தார்.

"அந்தம்மா எழுதட்டும். நீங்க வெளிய இருங்க. சொந்தக்காரர் தலைமாட்டுல நின்னா, இவர் தன்னிஷ்டமா போட்டார்னு நான் சொல்ல முடியாது."

படிக்கட்டில் நின்றபடி பெண்டுலம் காதைத் தீட்டிக்கொண்டார். அடையாள அட்டை கேட்டாயிற்று. கடிதத்தை வரிவரியாக வாசித்தாயிற்று. மணி மூன்று இருபது.

"யாராவது வற்புறுத்தினாங்களா?"

"என் பொண்டாட்டி வற்புறுத்தாத நாள் ஏது?"

"அப்போ நான் கிளம்புறேன்."

"ஐயா, விளையாட்டுக்குச் சொன்னேன். உக்காருங்க. முழுச் சம்மதம்தான்."

"இவரோட வாய் இருக்கே," என்றாள் மச்சினி.

ஒருவழியாக முத்திரை விழுந்த சத்தம். மச்சினி கடிதத்தோடு பெண்டுலத்தை இடித்துக்கொண்டு கீழே ஓடினாள். பின்தெருக்காரர் மெல்ல வெளியே வந்து பக்கத்தில் நின்றார். வண்டியில் போக இருபது நிமிஷம். இரண்டு பேரும் போனையே பார்த்தார்கள்.

மூன்று ஐம்பத்தாறுக்கு அடித்தது. "வாங்கிக்கிட்டாங்க அத்தான்."

பெண்டுலம் மூச்சை விட்டார். பின்தெருக்காரர் பையைத் தோளில் மாட்டினார்.

"என் தம்பிக்கும் ஒரு கடிதம் வேணும். வர்றான், நான் திருப்பித் திருப்பி அனுப்புறேன்."

"நாளைக்கு என்கிட்ட அனுப்புங்க. கையெழுத்துப் போடாம வரச் சொல்லுங்க."

"அதை நீங்க சொல்றீங்க," என்றபடி அவர் படியிறங்கினார்.

மறுநாள் காலை அந்தத் தம்பி வந்தபோது பெண்டுலம் ஜன்னலோரம் நடந்துகொண்டிருந்தார். தம்பி பேனாவைத் திறந்ததும் மேஜையோரம் வந்து நின்றார்.