பிரபு அழித்த சத்தம்

பிரபுவுக்கு அந்த யோசனை தோன்றியபோது என் தலை பீரோவுக்குள் இருந்தது. ஆடியோ புத்தகங்களுக்குக் குரல் கொடுக்கிறேன், ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெருவில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு ஆட்டோ ஹாரன் அடித்துவிடும், அதனால் புடவைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசிப்பேன். அன்று வியர்த்துக் கொட்டி வெளியே வந்தபோது பிரபு சிரித்தான்.

"ஏம்புள்ள, இப்படி வேகறதுக்கு எங்க ஊட்டுக்குக் கீழ ஒரு ரூமு சும்மாதான கெடக்குது. அதைச் சரி பண்ணிக்கலாமே?"

"தரைக்கு அடியில இருக்கறது. ஓதம் அடிக்குமேடா?"

"ஒரு கோட்டிங் உட்டாச் சரியாப் போயிரும்."

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும் என்று இன்றைக்கும் வாதாடுவேன். நீங்கள் நம்பாமல் போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன், நானே நம்பியிருக்க மாட்டேன்.

பிரபு கல்லூரி நாளிலிருந்து நண்பன். நான் வாசிப்பேன், அவன் எடிட் செய்வான். இருவருமே வேலையை விட்டுவிட்டு அந்த அறையில் இறங்கினோம். உப்புப் பூத்திருந்த பூச்சைக் கொத்தனார் முருகேசண்ணன் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தார், மருந்து அடித்தார், திரும்பப் பூசினார், தரைக்கு டைல்ஸ் ஒட்டினார். நாங்கள் சுவருக்கு ஃபோம் ஒட்டி, தரைக்குக் கார்பெட் விரித்தோம். கதவைச் சாத்தினால் என் மூச்சு எனக்கே கேட்கும், அவ்வளவு அமைதி, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்வது எங்கள் வழக்கம். இருமலையோ தடுமாற்றத்தையோ வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும். நான் மட்டும் உள்ளே இருப்பேன். பிரபு மாடியில் கம்ப்யூட்டர் முன்னால். கீழே வாடா என்றால் ஒருநாள் முதுகு வலி, ஒருநாள் போன். இரண்டு மாதத்தில் அவன் அந்தக் கதவைத் தாண்டவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலை அவன் அவிநாசிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். ஓர் அத்தியாயத்தில் திருத்தம் கேட்டிருந்தார்கள், அதனால் அவன் கைவைக்காத மூலப் பதிவை நானே திறந்தேன். அந்த ஒரு நிமிட அமைதி. கிரீச்... கிரீச்... என்று ஏதோ இழுபடுகிற சத்தம், உள்ளே உட்கார்ந்திருந்தபோது என் காதில் விழாதது. நான் வாசிக்கத் தொடங்கியதும் நின்றது. நான் வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்கினால் ஒரு கிரீச். மறுபடி பேசினால் இல்லை.

மின்விசிறியா, பக்கத்து வீட்டு மோட்டாரா, கேபிளா என்று ஒவ்வொன்றாக நிறுத்தியும் கழற்றியும் பார்த்தேன். எதுவும் இல்லை. அந்த நேரம்தான் மறுபடி ஓதம் பிடித்த மூலையைப் பார்க்க முருகேசண்ணன் வந்தார். ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கெணத்து உருளைங்க அம்மணி. தண்ணி எறைக்கற சத்தம்."

"இங்க ஏதுங்கண்ணா கெணறு?"

"நீங்க உக்கார்ற சேருக்கு அடியிலதானுங்க. தம்பி சொல்லலீங்களா?"

பிரபுவின் அப்பா அந்தக் கிணற்றை மூடித்தான் அறையைக் கட்டினாராம். மூடிய கிணறு மூச்சு விட வேண்டும் என்று ஒரு குழாய் நிறுத்தியிருந்தார்களாம்.

"டைல்ஸ் ஒட்டறப்ப தம்பிதான் அதை அறுத்து மூடச் சொன்னாருங்க. அம்மணிக்குத் தெரிய வேண்டாம்னாரு. உங்களுக்குள்ள ஏதோ இருக்கும்னு நானும் உட்டுட்டேன்."

பிரபுவை அழைத்தேன். பின்னால் நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"எப்ப இருந்துடா தெரியும்?"

"எது?"

"நீ அழிச்சிட்டு இருக்கற சத்தம்."

"...மொத நாள்ல இருந்து."

"ஏண்டா சொல்லலை?"

"சொன்னா உள்ள போயிருப்பியா? வேலையெல்லாம் உட்டுப்போட்டு வந்துட்டோம். சத்தம்தான, உன்னை ஒண்ணும் பண்ணலையில்ல?"

"அப்ப நீ ஏண்டா ஒருநாள்கூட உள்ள வரலை?"

போனை வைத்துவிட்டான்.

அதன் பிறகு எல்லாப் பதிவுகளையும் வரிசையாகக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. முதல் நாள் பதிவில் வாளி எங்கேயோ ஆழத்தில் தண்ணீரைத் தொடுகிறது. அடுத்தடுத்த நாட்களில் இழுபடும் சத்தம் கிட்டே, இன்னும் கிட்டே வருகிறது. கடைசிப் பதிவில் இழுப்பது நின்று, நிறைந்த வாளியைத் தரையில் வைக்கிற சத்தம். அதற்குப் பின் என் குரல், எதுவும் தெரியாமல், அவ்வளவு உற்சாகமாக வாசிக்கிறது. கீழே போய்ப் பார்த்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் கார்பெட்டில் வட்டமாக ஓர் ஈரம், வாளியின் அடி அளவுக்கு. நான்கு நாளாக மின்விசிறியை அதன்மேலேயே ஓடவிட்டிருக்கிறேன். காயவில்லை.

முருகேசண்ணன் திங்கட்கிழமை டைல்ஸை உடைத்துக் குழாயை மறுபடி நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னொரு பதிவு. பிரபுவிடம் சொல்லிவிட்டேன், "வாரேன்" என்று மட்டும் பதில் அனுப்பினான். இந்த முறை அந்த நாற்காலியில் அவன் பேசாமல் ஒரு நிமிடம் உட்காருவான். மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் கேட்பேன். எதையும் அழிக்கமாட்டேன்.