கொசுக்களுக்காகக் கட்டிய வலை

கம்பவுண்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக என் முதல் பெரிய தவறை எழுதி வைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சில் வந்த எதையும் சந்தேகப்பட எனக்குத் தெரியாது.

யுத்த காலம். டாக்டர் காலரா ஊசி போடத் தேனிக்குப் போயிருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து லீவில் வந்த பட்டாளத்துக்காரர் முத்தையா, கண் மஞ்சளாகி, வாந்தியோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். எட்டாம் நாள் அவருக்குச் சுருளிப்பட்டியில் கல்யாணம்.

சுவரில் ஒரு சர்க்குலர் ஒட்டியிருந்தது. மஞ்சள் காய்ச்சல் என்று ஆப்பிரிக்காவில் ஒரு தொற்று உண்டு, ஈரலைக் கெடுக்கும், கொசு பரப்பும், நம் நாட்டுக்குள் வரவிடக் கூடாது. இது அதுதான் என்று முடிவுகட்டி, முத்தையாவைப் பின்னறையில் படுக்கவைத்துக் கொசுவலை கட்டினேன்.

"அங்கன பாக்காத கொசுவா தம்பி? கடிச்சாக் கடிச்சிட்டுப் போகுது."

"உங்களுக்காக இல்லண்ணே. உங்ககிட்ட இருந்து கொசுவுக்கு ஒட்டக் கூடாது."

அவர் உள்ளிருந்தபடியே வலையின் ஓரத்தைத் தானே இழுத்துச் செருகிக்கொண்டார்.

வாசலில் விசாரித்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் காய்ச்சல் என்று விளக்கமாகச் சொன்னேன். மறுநாளே பெண்வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் திரும்பிய டாக்டர், முத்தையாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "கப்பல் ஏறி எத்தன நாளாச்சு?"

"ஒரு மாசம் ஆகப்போகுதுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அந்தக் காய்ச்சல் கொசு கடிச்ச ஒரு வாரத்துக்குள்ள தெரிஞ்சிரும்ப்பா. இது வேற காமாலை. அந்தக் காய்ச்சலத் தடுக்கப் பட்டாளத்துல போடுற ஊசியாலயே சில பேருக்கு மாசக்கணக்குக் கழிச்சு வருதாம். வலைய அவுத்துட்டுச் சுருளிப்பட்டிக்குப் போ. ஊருக்குச் சொன்னவன் நீதான?"

சைக்கிளில் போனேன். பெண்ணின் அப்பாவிடம், நான் சொன்னது தப்பு என்றேன்.

"முந்தாநாத்து ஒண்ணு சொன்னீக. இன்னைக்கு ஒண்ணு சொல்றீக. நாளைக்கு என்ன சொல்றதா உத்தேசம்?"

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த கல்யாணப் பெண் வெளியே வந்தாள்.

"கண்ணு வெளுக்க எத்தன நாளாகும்?"

"ஒரு மாசம். கூடப் பத்து நாள் ஆகலாம்."

"அதுவரைக்கும் லீவு இருக்குமா?"

"டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தா நீட்டுவாக."

"அப்ப அத வாங்கிக் குடுங்க." அப்பாவிடம் திரும்பினாள். "ஐயா, தள்ளி வச்சாப் போதும், நிறுத்த வேணாம்."

அவர் மறுக்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. டாக்டரோடு சேர்ந்து வந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள்.

எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்ட நான், எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் இரண்டையும் கேளுங்கள். டாக்டர் பார்க்கும்வரை நோயின் பெயரை வாசலில் சொல்லாதீர்கள்.